வேலையை விடாமல் அமெரிக்கச் சட்டப் பள்ளிக்கு: எல்சாட், அலுவலகம், விண்ணப்பம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே ஜே.டி. என்னும் சட்டப் பட்டப் படிப்பில் சேர விரும்பும் தமிழர்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருந்தபடியே, சட்டப் பள்ளிச் சேர்க்கைக்கான எல்சாட் தேர்வை எழுதினேன். இப்போது பகலில் அதே வேலையும் மாலையில் சட்டப் பள்ளியின் இரண்டாம் ஆண்டுமாகக் காலம் போகிறது. கட்டணமும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் தேர்வை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எல்சாட் தேர்வில் இப்போது என்னதான் கேட்கிறார்கள்?

தலா 35 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பத்து நிமிட இடைவேளை. மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுபவை மூன்று பகுதிகள்தாம்: தர்க்கப் பகுதி இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று. நான்காவது, வருங்காலத் தேர்வுகளுக்கான கேள்விகளைச் சோதித்துப் பார்க்கும் பகுதி. அது எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது என்பதால் நான்கையும் ஒரே அக்கறையோடுதான் எழுத வேண்டும். மதிப்பெண் 120 முதல் 180 வரை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் வெற்றாக விட்டு வரக் கூடாது.

பலரையும் பயமுறுத்திக்கொண்டிருந்த ‘லாஜிக் கேம்ஸ்’ பகுதி 2024 ஆகஸ்ட் தேர்வோடு நீக்கப்பட்டுவிட்டது. யாரை எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்று படம் போட்டுத் தீர்க்கும் புதிர்கள் அவை. பார்வையற்றவர்களுக்கு அது அநீதி என்று தொடரப்பட்ட வழக்கில் 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாக இந்த மாற்றம் வந்தது. நண்பர் தருகிறார் என்று பழைய பதிப்புப் புத்தகங்களை வாங்கி அந்தப் பகுதியைப் பயிற்சி செய்துகொண்டிருப்பவர்களை இன்னமும் சந்திக்கிறேன். அந்தப் பக்கங்களை மூடிவிடலாம்.

இவை தவிர, வீட்டிலிருந்தே கணினியில் தனியாக எழுதும் 50 நிமிடக் கட்டுரை ஒன்று உண்டு. அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் ஒருமுறையாவது அதை எழுதி முடிக்காதவரை எல்சாட் மதிப்பெண் வெளியே வராது.

முழுநேர வேலையில் இருப்பவருக்கு எத்தனை மாதம் தேவைப்படும்?

எனக்கு முதல் தேர்வுக்கு முன் எட்டு மாதம் பிடித்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்; அதிலும் சில வாரங்கள் அலுவலகத்தில் அடிபட்டுப் போயின. மூன்று மாதத்தில் முடித்ததாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி விடுமுறையில் நாள் முழுவதும் உட்கார்ந்து படித்தவர்கள். அவர்களுடைய அட்டவணையை நாம் எடுத்துக்கொண்டால் நான்காவது வாரமே குற்ற உணர்ச்சி வந்துவிடும், ஐந்தாவது வாரம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

தொடங்கும் முன், எதையும் படிக்காமல், ஒரு பழைய தேர்வுத்தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். எனக்கு 149 வந்தது. அந்த எண்ணைப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் கெட்டது உண்மைதான். ஆனால் எங்கிருந்து கிளம்புகிறோம் என்பது தெரியாமல் எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காலையில் படிப்பதா, இரவில் படிப்பதா?

காலையில்தான் என்று அடித்துச் சொல்வேன். வேலையில் இருப்பவருக்கு நேரத்தை விடத் தெளிவான மூளைக்குத்தான் பஞ்சம். நாள் முழுவதும் கூட்டங்களிலும் மின்னஞ்சல்களிலும் செலவான கவனத்தின் மிச்சத்தை இரவு பத்து மணிக்கு இந்தத் தேர்வுக்குக் கொடுத்தால், ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் ஒன்றும் ஏறாது. முதல் ஆறு வாரம் நான் அப்படித்தான் வீணடித்தேன். பிறகு ஐந்தே கால் மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசையில், காபி ஆறுவதற்குள் ஒரு 35 நிமிடப் பகுதி என்று மாற்றிக்கொண்டேன். குழந்தை எழுந்துகொள்ளும் ஏழு மணிக்குள் அன்றைய படிப்பு முடிந்துவிடும். இரவில் விழுந்த தவறுகளில் பாதிக்கு மேல் தெரியாததால் வந்தவையே அல்ல, களைப்பால் வந்தவை என்பது அப்போதுதான் புரிந்தது.

ரயிலில் போகிறவர்கள் அந்த நேரத்தைப் புதிய கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளாமல், முந்தைய நாள் தவறவிட்ட கேள்விகளைத் திரும்பப் பார்க்க வைத்துக்கொள்வது பொருந்தும்.

எத்தனை பழைய தேர்வுத்தாள்களைப் போட வேண்டும்?

எல்.எஸ்.ஏ.சி.யின் லாஹப் தளத்தில் கணக்குத் தொடங்கினால் சில தாள்கள் இலவசமாகக் கிடைக்கும்; ஆண்டுச் சந்தா 120 டாலர் கட்டினால் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் திறக்கும். அத்தனையும் போட்டுத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை ஏற ஏற மதிப்பெண் ஏறும் என்ற நம்பிக்கை, பத்தாண்டு வினா வங்கியை மனப்பாடம் செய்தே பழகிய நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. இந்தத் தேர்வில் கேட்ட கேள்வி திரும்ப வராது; செய்த தவறுதான் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒரு பகுதியை எழுத 35 நிமிடம் என்றால், அதைத் திருத்திப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

எப்படித் திருத்துவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இது நானே அமைத்த கேள்வி. ‘ஒரு நகரில் மிதிவண்டிகளுக்கெனத் தனிப் பாதை அமைத்த பிறகு, மிதிவண்டி விபத்துகள் இரண்டு மடங்காயின. ஆகவே அந்தப் பாதை மிதிவண்டிப் பயணத்தை முன்னைவிட ஆபத்தானதாக்கிவிட்டது. இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது?’ பாதை வந்த பிறகு மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் ஐந்து மடங்கானார்கள் என்று சொல்லும் விடைதான் சரி. விபத்து இரண்டு மடங்கு, ஓட்டுநர்கள் ஐந்து மடங்கு என்றால் ஒருவருக்குள்ள ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் ‘விபத்துகளில் பெரும்பாலானவை சிறு காயங்களே’ என்ற விடையும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நம்மைக் கூப்பிடும். முன்பு நடந்த விபத்துகளும் சிறு காயங்களாகவே இருந்திருக்கலாம் அல்லவா?

என் நோட்டில் முதல் இரண்டு மாதப் பக்கங்களில் ‘சரி ஈ, நான் போட்டது பி’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அதைத் திரும்பப் பார்த்தபோது எதுவும் விளங்கவில்லை. பிறகு, சரியான விடை ஏன் சரி என்பதோடு, தவறான விடை அந்த நிமிடத்தில் என்னை ஏன் இழுத்தது என்பதையும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். ‘எண்ணிக்கையையும் விகிதத்தையும் ஒன்றாக எண்ணிவிட்டேன்’, ‘சிலர் என்பதைப் பெரும்பாலோர் என்று படித்துவிட்டேன்’ என்று எழுதிக்கொண்டே போனதில், ஒரு மாத முடிவில் என் தவறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டே வரிகளில் அடங்கிவிட்டன. அந்த இரண்டையும் குறிவைத்துப் படித்த ஆறு வாரத்தில்தான் மதிப்பெண் முதல் முறையாக அசைந்தது.

பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் தடையாக இருக்குமா?

வாசிப்புப் பகுதியில் ஓரளவு இருக்கும். நான்கு தொகுதிகள், 35 நிமிடம். ஒன்றுக்கு ஒன்பது நிமிடம்கூடக் கிடையாது. சட்டம், அறிவியல், கலை, சமூகவியல் என்று நமக்குப் பழக்கமில்லாத துறைகளிலிருந்து பத்திகள் வரும். நாளுக்கு ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, எழுதியவர் யாரோடு எதில் முரண்படுகிறார் என்று இரண்டு வரியில் சொல்லிப் பார்ப்பதைத் தவிர எனக்குத் தெரிந்து இதற்குக் குறுக்குவழி இல்லை.

தர்க்கப் பகுதிக்கு ஆங்கிலத்தை விடக் கவனமே முக்கியம். அங்கே நமக்கு ஒரு நல்ல துணையும் உண்டு. ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பதும், நெருப்பு இல்லையென்றால் புகை இல்லை என்பதும் அதில் அடக்கம். நெருப்பு இருந்தால் புகை வரும் என்று அது சொல்லவே இல்லை. எரிவாயு அடுப்பில் நெருப்பு இருக்கிறது, புகை எங்கே? ‘அன்லெஸ்’, ‘ஓன்லி இஃப்’ என்ற சொற்களை வைத்துத் தேர்வில் போடப்படும் முடிச்சுகளில் பெரும்பகுதி இதே முடிச்சுதான். சிக்கலான வாக்கியம் வரும்போது அதில் எது புகை, எது நெருப்பு என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். என் பயிற்சிக் குழுவில் இருந்த அமெரிக்கர்களுக்கும் பிற்பாடு இதைச் சொல்லிக் கொடுத்தேன்.

படிப்பது அலுவலகத்தில் தெரியலாமா?

மேலாளரைப் பொறுத்தது. நான் தேர்வு தேதி உறுதியாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அலுவலக நேரத்துக்கு வெளியேயும் அழைத்தால் வேலை பார்க்க வேண்டிய ‘ஆன்கால்’ முறை இருக்கும் வேலை என்றால், தேர்வுக்கு முந்தைய வாரம் உங்கள் முறை வராதபடி இரண்டு மாதம் முன்பே சக ஊழியரோடு மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய நாளும் தேர்வு நாளும் விடுப்பு. அலுவலகக் கணினியில் பயிற்சித் தளங்களைத் திறக்க வேண்டாம்.

எத்தனை முறை எழுதலாம்? மதிப்பெண் குறைந்தால் பள்ளிகள் பார்க்குமா?

மதிப்பெண் செல்லுபடியாகும் ஐந்தாண்டுக் காலத்தில் ஐந்து முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் எழுதலாம். எல்லா மதிப்பெண்களும் பள்ளிகளுக்குப் போகும். என்றாலும் பள்ளிகள் தங்கள் மாணவர்களைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரத்தில் ஒவ்வொருவரின் உயர்ந்த மதிப்பெண்ணே கணக்கில் வருவதால், அதற்குத்தான் கனம் அதிகம். கூடுதல் கட்டணம் கட்டினால், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஆறு நாளுக்குள் வேண்டாம் என்று ரத்து செய்துகொள்ளும் வசதி உண்டு.

எனக்கு ஜூனில் 158 வந்தது, செப்டம்பரில் 164. இரண்டாவது தேர்வை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுவது மனத்துக்கு நல்லது. இதுதான் ஒரே வாய்ப்பு என்று எண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தால் கை நடுங்கும்.

தேர்வுக்குப் படிப்பதையும் விண்ணப்பம் தயாரிப்பதையும் ஒரே சமயத்தில் செய்யலாமா?

இந்தக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். செய்யக் கூடாது என்பது என் கருத்து. வேலை, தேர்வு, விண்ணப்பம் என்று மூன்றையும் ஒரே வாரத்துக்குள் திணித்தால், வேலையை விட முடியாது, விண்ணப்பத்தோடு அனுப்பும் தன்விளக்கக் கட்டுரையை எழுதுவது சுவாரசியமாக இருக்கும், ஆகவே தேர்வுப் படிப்புதான் அடி வாங்கும். விண்ணப்பத்தில் மிக அதிக மாற்றத்தை உண்டாக்கக்கூடியதும் அதுவே.

நான் கண்ட வரிசை இது. அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் பெரும்பாலும் செப்டம்பரில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வர முடிவு சொல்லிக்கொண்டே போகின்றன. கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச் வரைகூட இருக்கும். ஆனால் அதற்குள் இடங்களும் உதவித்தொகைப் பணமும் கரைந்துகொண்டிருக்கும். எனவே நவம்பர் இறுதிக்குள் அனுப்புவதை இலக்காக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். முதல் தேர்வு ஜூன், அடுத்தது ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேர்வு எழுதி மதிப்பெண் வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் எல்சாட் புத்தகத்தைத் தொடத் தேவையில்லை. அதைத்தான் கட்டுரைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் தேர்வு முடிந்த மூன்று வாரத்தில் கட்டுரையின் முதல் வரைவு, செப்டம்பர் தேர்வு முடிந்த மூன்று வாரத்தில் இறுதி வடிவம் என்று எனக்கு அமைந்தது.

இதற்கு விதிவிலக்கு இரண்டு: பரிந்துரைக் கடிதமும் இந்தியாவிலிருந்து வரவேண்டிய மதிப்பெண் சான்றிதழும். அவை பிறர் கையில் இருப்பவை. படிப்பைத் தொடங்கும்போதே அவற்றையும் தொடங்கிவிடுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக மதிப்பெண்களை எப்படிக் கணக்கிடுவார்கள்?

விண்ணப்பத் தாள்களையெல்லாம் சி.ஏ.எஸ். என்ற சேவை மூலம் எல்.எஸ்.ஏ.சி. ஒன்றுசேர்த்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு அது ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரியைக் கணக்கிடும். நம் பி.இ.க்கும் பி.எஸ்சி.க்கும் அப்படி எண் கொடுப்பதில்லை. சராசரிக்கு மேல், மிகச் சிறப்பு என்பது போன்ற தர மதிப்பீடு மட்டுமே போகும். இங்கு வந்து எம்.எஸ். படித்து 4.0 வாங்கியிருந்தாலும் அது இளநிலை ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. இதன் பொருள், பள்ளி வெளியிடும் ஜி.பி.ஏ. நடுமதிப்பை நீங்கள் உயர்த்தவும் மாட்டீர்கள், தாழ்த்தவும் மாட்டீர்கள். உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள ஒரே எண் எல்சாட். கல்லூரியில் அரியர் வைத்திருந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலான செய்தி.

சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக, முத்திரையிட்ட உறையில் வர வேண்டும், எல்.எஸ்.ஏ.சி. தரும் படிவமும் அதனுள் இருக்க வேண்டும். ஊரில் என் அப்பா வெயிலில் வரிசையில் நின்று, பணம் கட்டி, உறையை அனுப்ப வைத்தார். படிவத்தை உள்ளே வைக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன். மறுபடியும் அதே வரிசை, அதே பணம், ஏழு வாரம் வீண்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரும்பாலும் இரண்டு கேட்பார்கள். பேராசிரியர் கடிதத்தை விரும்பினாலும், படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களிடம் மேலதிகாரியின் கடிதத்தை ஏற்கிறார்கள். பதவியில் பெரியவரைத் தேடாமல், நீங்கள் எழுதியதைப் படித்துத் திருத்தியவரைத் தேடுங்கள். எனக்கு எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவர் நான்கு மாதம் இழுத்தடித்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது ஒருவரிடமும் கேட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

வழக்கமாக இரட்டை இடைவெளியில் இரண்டு பக்கம். சிறு வயதிலிருந்தே நீதியின்மேல் தாகம் என்று தொடங்கும் கட்டுரைகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முப்பது வயதில் நல்ல சம்பளத்தை வைத்துக்கொண்டு ஏன் சட்டம் என்று வாசிக்கிறவருக்குத் தோன்றும்; அதற்கு உங்கள் வேலையிலிருந்தே பதில் சொல்லுங்கள். நான் ஒரு மென்பொருள் உரிம ஒப்பந்தத்தில் ஒற்றைச் சொல்லால் எழுந்த தகராறில் மூன்று வாரம் வழக்கறிஞர்களோடு உட்கார்ந்திருந்ததை எழுதினேன். அவர்கள் கேட்ட கேள்விகள் என் வேலையை விட எனக்குப் பிடித்திருந்தன என்பதுதான் கட்டுரையின் சாரம்.

விசாவில் இருப்பவர்கள் வேலையோடு படிக்க முடியுமா?

எச்-1பி என்னும் பணி விசாவில் இருப்பவர் தன் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டு பகுதிநேரமாகப் படிக்கலாம். நான்காண்டு அளவில் முடியும் இத்தகைய பகுதிநேரப் படிப்பு ஜார்ஜ்டவுன், ஃபோர்டம், ரட்கர்ஸ் போன்ற இடங்களில் உண்டு. செடன் ஹாலில் வார இறுதி வகுப்பு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறினால் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், வேலையை விட வேண்டும். படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. பணி அனுமதியும் பன்னிரண்டு மாதம்தான்; பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு சட்டப் பட்டத்துக்குக் கிடையாது. எச்-1பியின் ஆறு ஆண்டு வரம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

தேர்வுக்கு ஒருமுறைக்கு ஏறக்குறைய 250 டாலர், சி.ஏ.எஸ். சேவைக்கு 200-க்குச் சற்று மேல், ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பும் அறிக்கைக்கு 45 டாலர். இரண்டு முறை தேர்வு, எட்டுப் பள்ளி என்றால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். பள்ளிகளின் விண்ணப்பக் கட்டணம் தனி. கேட்டால் அதைத் தள்ளுபடி செய்யும் பள்ளிகள் நிறைய உண்டு, கூச்சப்படாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பெரிய செலவு படிப்புக் கட்டணம். அரசுக் கல்விக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதுவும் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் என்ற வரம்புக்கு உட்பட்டது. ஆகவே உதவித்தொகைதான் வழி, அது மதிப்பெண்ணைப் பார்த்தே வருகிறது. 158-ஓடு அவசரமாக விண்ணப்பிப்பதா, ஓராண்டு தள்ளிப்போடுவதா என்று கேட்டால், சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஒருவர் தள்ளிப்போடுவதில் இழப்பது மிகக் குறைவு என்பேன். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் டிசம்பரில் வெளியிடும் ‘509 அறிக்கை’யில் மதிப்பெண் நடுமதிப்பும் உதவித்தொகை விவரமும் இருக்கும். உங்கள் மதிப்பெண் அந்த நடுமதிப்புக்கு மேல் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே கை நீட்டும் தைரியம் எந்தப் பள்ளியில் வரும் என்று தெரிந்துவிடும். வகுப்பில் உங்கள் தரவரிசை குறைந்தால் உதவித்தொகையை நிறுத்தும் நிபந்தனை இருக்கிறதா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா?

2026 ஆகஸ்ட் முதல் பெரும்பாலோர் தேர்வு மையத்துக்குத்தான் போக வேண்டும். பத்து மணி காலைத் தேர்வு என்றால், கடைசி மூன்று சனிக்கிழமைகளில் பயிற்சித் தேர்வையும் பத்து மணிக்கே, வீட்டுக்கு வெளியே ஒரு நூலக மேசையில் எழுதிப் பழகுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது. வேலையில் எப்போது சொல்வது?

முன்பணம் கட்டும் தேதி பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். அதைக் கட்டிய பிறகு சொல்லுங்கள். முழுநேர மாணவர் என்றால் ஆகஸ்ட் நடுவில் வகுப்பு தொடங்கும். பகுதிநேரம் என்றால், கட்டும் முன் முதலாண்டு மாலை அட்டவணையைக் கேட்டு வாங்கி, மேலாளரோடு உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வகுப்பு வாரத்தில் நான்கு நாள், ஆறு மணிக்கு. ஐந்து பத்து ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்பதால், நான்கரை மணிக்கு மேல் எனக்குக் கூட்டம் வைப்பதில்லை என்று எழுத்திலேயே வாங்கிக்கொண்டேன்.